மேற்கு ஜன்னலும் செங்கல் சுவரும்: சிமுலேஷனில் வெப்ப நிறையும் சூரிய வெப்பமும், முழுமையான வழிகாட்டி

சென்னையில் மேற்கு பார்த்த படுக்கையறையில் படுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியும். வெயில் ஆறரை மணிக்கெல்லாம் போய்விடும். ஆனால் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தால் வெதுவெதுப்பு இன்னும் இருக்கும். ஏசியைப் போட்டாலும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அறை அடங்காது. இதே அறையைக் கணினியில் வரைந்து ஓட்டினால், பல மாடல்களில் சூரியன் மறைந்த கையோடு அறையும் ஆறிவிடுகிறது. நான் முதலில் செய்த மாடலும் அப்படித்தான் ஆறியது. வெளிச்சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் சரியாகவே கொடுத்திருந்தேன். அறைக்குள் நிற்கும் தடுப்புச் சுவர்களைத்தான் விட்டிருந்தேன்.

அந்தத் தவறைச் சரிசெய்யப் போனபோதுதான் இன்னொன்று புரிந்தது. வெப்ப நிறையை (சுவரும் தளமும் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் திறனை) ஒரு பக்கமும் சூரிய வெப்ப வரவை இன்னொரு பக்கமும் வைத்துத் தனித்தனியாகச் சரிசெய்ய முடியாது. வெயில் எந்தப் பரப்பில் விழுகிறது, அந்தப் பரப்புக்குப் பின்னால் எவ்வளவு செங்கல் இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து சரியாக இருந்தால்தான் விடை சரியாக வரும்.

இங்கே சொல்வதெல்லாம் எனர்ஜி ப்ளஸை வைத்து. கட்டடத்தின் வெப்பத்தையும் மின்தேவையையும் கணக்கிட அமெரிக்க எரிசக்தித் துறை இலவசமாகத் தரும் மென்பொருள் எஞ்சின் அது. ஓப்பன் ஸ்டுடியோ, டிசைன் பில்டர் இரண்டுக்கும் உள்ளே ஓடுவதும் அதுவே என்பதால், அவற்றில் வேலை செய்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் காகிதத்தில் ஒரு கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் பேனாவோடு உட்காருங்கள். நம் எடுத்துக்காட்டு அறை இது: நடுமாடி ஃப்ளாட்டில் ஒரு படுக்கையறை. கிழக்கு மேற்காக 3.6 மீட்டர், வடக்கு தெற்காக 3 மீட்டர், உயரம் 3 மீட்டர். மேற்கும் தெற்கும் 9 அங்குல வெளிச்சுவர். கிழக்கும் வடக்கும் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர். மேற்குச் சுவரில் 1.5 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல்; தரையிலிருந்து 0.9 மீட்டரில் தொடங்குகிறது.

அறையின் காற்று 32.4 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.2 கிலோ, கிலோவுக்கு 1005 ஜூல் என்று பெருக்கினால், அந்தக் காற்று முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 39 கிலோஜூல் போதும்.

தடுப்புச் சுவர்கள் கதவு போக சுமார் 18 சதுர மீட்டர். செங்கலுக்கு அடர்த்தி கன மீட்டருக்கு 1800 கிலோ, தன் வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 880 ஜூல் என்று எடுத்துக்கொள்வோம். சுவரின் இந்தப் பாதி நம் அறைக்கு, அந்தப் பாதி ஹாலுக்கு என்று பிரித்தால் நமக்கு வருவது 5.75 செ.மீ. பெருக்கிப் பாருங்கள்: டிகிரிக்கு 1640 கிலோஜூல். காற்றைப்போல் 42 மடங்கு. இரண்டு தடுப்புச் சுவர்களில் மட்டும் இவ்வளவு. தளம், கூரைத் தளம், வெளிச்சுவர் எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்போது வெயில். ஏப்ரல் மாத மாலையில் மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைத் தெளிந்த கண்ணாடி அதில் சுமார் 0.8 பங்கை உள்ளே விடும். 1.8 சதுர மீட்டருக்கு 864 வாட். மூன்று மணி நேரத்தில் 9.3 மெகாஜூல்.

வேறெங்கும் போக வழியில்லாமல் அது முழுவதும் காற்றிலேயே தங்கினால், அறை 200 டிகிரிக்கு மேல் ஏறும். இரண்டு தடுப்புச் சுவர்களில் மட்டும் தங்கினால் ஆறு டிகிரிக்குள் அடங்கிவிடும். நிஜ அறை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வெப்பத்தில் எவ்வளவு எந்த நேரத்தில் எங்கே போகிறது என்பதைச் சொல்லத்தான் மாடல் தேவைப்படுகிறது.

இன்னொரு கணக்கும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரச் சூடு குளிர் சுழற்சி ஒரு பொருளுக்குள் எவ்வளவு ஆழம் போகும்? வெப்பக் கடத்துதிறனை அடர்த்தியாலும் தன் வெப்பத்தாலும் வகுத்து, 86400 விநாடியால் பெருக்கி, பை என்னும் 3.14ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். கடத்துதிறன் 0.8 உள்ள செங்கலுக்கு 12 செ.மீ. கான்கிரீட்டுக்கு 1.7, 2300, 900 என்று போட்டால் 15 செ.மீ. மரத்துக்கு 6 செ.மீ. சொச்சம். ஆக, ஒரு பக்கம் மட்டும் அறையைப் பார்க்கும் சுவரைத் தடிமனாக்கிக்கொண்டே போவதால் ஒரு நாள் சுழற்சியில் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. மெல்லிய தடுப்புச் சுவரோ முழுவதுமாக வேலை செய்கிறது. சுவரின் மொத்த எடையைப் பார்ப்பதைவிட, அறையை நோக்கித் திறந்திருக்கும் பரப்பைப் பார்ப்பதே பயன் தரும்.

தெரிந்த ஓர் அறையில் கை பழகுங்கள்

சொந்த வீட்டை வரைவதற்கு முன், விடை ஏற்கெனவே தெரிந்த ஓர் அறையை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். அப்படி ஓர் அறை இருக்கிறது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகத்தில் ஜட்காஃப், நேமார்க் இருவரும் 1995இல் வெளியிட்ட பெஸ்டெஸ்ட் என்ற மென்பொருள் சோதனைத் தொகுப்பில் உள்ளது அது. அந்தத் தொகுப்பு பின்னாளில் ஆஷ்ரே என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 140ஆம் எண் தரநிலையாக ஆனது.

8 மீட்டருக்கு 6 மீட்டர், உயரம் 2.7 மீட்டர், தெற்குச் சுவரில் 12 சதுர மீட்டர் கண்ணாடி, டென்வர் நகர வானிலை. இதில் 600 என்ற எண் கொண்டது லேசான கட்டுமானம்: ஜிப்சம் பலகைச் சுவர், 25 மி.மீ. மரத்தளம். 900 என்பது கனமானது: 10 செ.மீ. கான்கிரீட் பிளாக் சுவர், 8 செ.மீ. கான்கிரீட் தளம். சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் கடக்கும் என்பதைச் சொல்லும் யு மதிப்பு ஒன்றில் 0.514, மற்றதில் 0.512. கண்ணாடியும் ஒன்றே, வெயிலும் ஒன்றே. மாறுவது நிறை மட்டுமே.

900இன் சுவரையும் தளத்தையும் மேலே சொன்ன மாதிரி பெருக்கினால் டிகிரிக்குச் சுமார் 14.3 மெகாஜூல் வருகிறது, உள்ளிருக்கும் காற்றைப்போல் 90 மடங்குக்கு மேல். ஏசியும் ஹீட்டரும் இல்லாமல் விட்டால், ஆண்டின் உச்ச வெப்பம் லேசான அறையில் 65 டிகிரியைத் தொட்டு மேலே போகிறது. கனமான அறையில் 42 முதல் 45 டிகிரிக்குள் நிற்கிறது. 27 டிகிரிக்கு மேல் போகாமல் குளிரூட்டினால், லேசான அறைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 மெகாவாட் மணி வரை வேண்டும். கனமான அறைக்கு 2 முதல் 3.4 வரை போதும். இந்த இடைவெளிகள் அன்றைக்குப் பல மென்பொருள்கள் தந்த விடைகளின் வீச்சு. உங்கள் மாடல் இவற்றுக்குள் விழவில்லை என்றால், வீட்டை வரைய இன்னும் நேரம் வரவில்லை. அந்த மாதிரிக் கோப்பிலேயே பிழையைத் தேடுங்கள். 48 சதுர மீட்டர் அறையில் பிழையைக் கண்டுபிடிப்பது சுலபம்.

டென்வரில் கிடைத்த இந்தப் பெரிய லாபத்தைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கும் கனமான சுவரே மருந்து என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அங்கே இரவு நன்றாகக் குளிர்கிறது. இங்கே மே மாதத்தில் இரவிலும் 28 டிகிரியை ஒட்டியே நிற்கிறது.

சுவர், தளம், கூரை அடுக்குகள்

எனர்ஜி ப்ளஸில் அடுக்குகளை வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். இதைத் தலைகீழாகக் கொடுத்தால் யு மதிப்பு மாறாது, அதனால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் காப்புப் பொருள் அறைப் பக்கமும் கான்கிரீட் வெளிப்பக்கமும் போய், நிறை அறைக்கு எட்டாததாகிவிடும். பிழைச் செய்தியும் வராது.

அடுத்து, 'நோ மாஸ்' வகைப் பொருள். அதற்கு வெப்பத்தடை மட்டுமே உண்டு, எடை கிடையாது. மெல்லிய காப்புப் பலகைக்கு அது போதும். நம் ஊர் மொட்டை மாடியில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் வெதரிங் கோர்ஸை அப்படிக் கொடுத்தால் பெரிய தவறு. அது பகல் முழுவதும் வெயிலைக் குடித்து, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே அனுப்பும் அடுக்கு. தடிமன், கடத்துதிறன், அடர்த்தி, தன் வெப்பம் நான்கையும் கொடுத்தே ஆகவேண்டும்.

நடுமாடி என்றால் தளத்துக்கும் மேல்தளத்துக்கும் 'அடியாபாட்டிக்' எல்லை, அதாவது வெப்பம் தாண்டிப் போகாத எல்லை, கொடுக்கலாம். மேல் வீடும் கீழ் வீடும் நம் வீட்டைப் போலவே இருக்கின்றன என்று பொருள்.

உள்சுவர்கள்: தப்பு அதிகம் நடக்கும் இடம்

தடுப்புச் சுவரை மூன்று விதமாகக் கொண்டுவரலாம். இரண்டு அறைகளையும் தனித்தனி சோன்களாக (ஒரே காற்று வெப்பநிலை கொண்டதாக எஞ்சின் எடுத்துக்கொள்ளும் பகுதிகளாக) வரைந்து, நடுவில் பொதுச் சுவராக வைப்பது ஒன்று. அடியாபாட்டிக் சுவராக வரைவது இன்னொன்று. வரையாமலே 'இன்டர்னல் மாஸ்' என்ற பொருளாகப் பரப்பை மட்டும் எழுதிக் கொடுப்பது மூன்றாவது.

மூன்றாவது வழி கவர்ச்சியானது. கட்டுமானத்தின் பெயர், சோனின் பெயர், சதுர மீட்டர் இவ்வளவுதான் கேட்கும். அந்தச் சதுர மீட்டரில்தான் குழப்பம். ஒரே சோனுக்குள் நிற்கும் சுவரின் இரண்டு முகமும் அந்தச் சோனின் காற்றையே பார்க்கிறது. அப்போது பரப்பை இரண்டால் பெருக்கிக் கொடுக்க வேண்டும். உடனே ஒரு சந்தேகம் வரும்: பரப்பை இரட்டிப்பாக்கினால் செங்கலின் எடையும் இரட்டிப்பாகிவிடாதா, தடிமனைப் பாதியாக்க வேண்டாமா?

வேண்டாம். இன்டர்னல் மாஸ் பரப்பின் பின்முகத்துக்கும் முன்முகத்துக்கும் ஒரே வெப்பநிலைதான் என்று எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால், சுவரின் நடுக்கோட்டைத் தாண்டி வெப்பம் போகாது. ஆகவே ஒவ்வொரு சதுர மீட்டர் முகமும் பாதித் தடிமனைத்தான் பயன்படுத்துகிறது. முழுத் தடிமன், இரட்டைப் பரப்பு என்று கொடுத்தால் மொத்தச் செங்கலும் சரியாகக் கணக்கில் வந்துவிடும். தடிமனையும் பாதியாக்கினால் பாதிச் சுவரைத் தொலைத்துவிட்டீர்கள். அடியாபாட்டிக் பரப்புக்கும் இதே விதிதான்.

நம் படுக்கையறையை மட்டும் தனி சோனாக வரைகிறோம், அப்பால் ஹால் என்றால், சுவரின் ஒரு முகம்தான் நமக்கு. 18 சதுர மீட்டர், முழுத் தடிமன். ஃப்ளாட் முழுவதையும் ஒரே சோனாக வரைந்தால் அதே சுவருக்கு 36. ஹாலில் ஏசி இல்லை, படுக்கையறையில் மட்டும் உண்டு என்றால் இந்தக் குறுக்குவழிகள் எதுவும் சரிப்படாது. இரண்டு சோனாக வரைந்து பொதுச் சுவர் வையுங்கள். 24 டிகிரி அறைக்கும் 33 டிகிரி ஹாலுக்கும் நடுவில் நாலரை அங்குலச் சுவர் வழியாக இரவு முழுவதும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும்.

சிலர் இவ்வளவும் வேண்டாமென்று காற்றின் வெப்ப ஏற்புத்திறனையே ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள். 'சோன் கெப்பாசிட்டன்ஸ் மல்டிப்ளையர்' என்று அதற்கென ஓர் இடமும் இருக்கிறது. அளவீட்டோடு கோடு பொருந்துகிறது என்பதற்காக இதைச் செய்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தக் கற்பனை நிறைக்குப் பரப்பு இல்லை. வெயில் அதன் மேல் விழாது, அது கதிர்வீச்சாகத் திருப்பி அனுப்பவும் செய்யாது. பத்து மணிக்குச் சுவரிலிருந்து முகத்தில் அடிக்கும் அந்த அனல் அதில் வரவே வராது.

மரச்சாமான்

அமெரிக்க எரிசக்தித் துறையின் மாதிரிக் கட்டடக் கோப்புகளில், சாமான்களுக்குப் பதிலாக 15 செ.மீ. மரம், தளப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு என்று வைத்திருப்பார்கள். காகிதக் கட்டும் மேசையும் நிறைந்த அலுவலகத்துக்கு அது சரி. ஒரு கட்டிலும் ஓர் அலமாரியும் உள்ள படுக்கையறைக்கு மிக அதிகம். 18 மி.மீ. பிளைவுட், இரண்டு முகமும் சேர்த்து 30 சதுர மீட்டர் என்று கொடுத்தாலும் டிகிரிக்குச் சுமார் 260 கிலோஜூல்தான் வருகிறது. தடுப்புச் சுவரில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கொடுங்கள், ஆனால் இதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஜன்னல்

கண்ணாடியை இரண்டு வழியில் கொடுக்கலாம். யு மதிப்பு, சூரிய வெப்ப வரவு எண் இரண்டை மட்டும் கொடுக்கும் எளிய வழி ஒன்று. கண்ணாடி ஒவ்வொன்றின் ஒளியியல் விவரத்தையும் அடுக்கடுக்காகக் கொடுப்பது மற்றது. கட்டடம் இன்னும் வரைபட நிலையில் இருக்கிறது என்றால் எளிய வழி போதும். மேற்கு ஜன்னலில் எந்தக் கண்ணாடி போடுவது என்று முடிவெடுக்கத்தான் சிமுலேஷன் என்றால் அடுக்கு வழிக்குப் போங்கள். சாய்வான கதிருக்குக் கண்ணாடி எப்படி நடந்துகொள்கிறது என்பது அதில்தான் சரியாக வரும்.

சூரிய வெப்ப வரவு எண்ணுக்குள் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. நேராக ஊடுருவி உள்ளே வரும் ஒளி ஒன்று. கண்ணாடியே உறிஞ்சிச் சூடாகி உள்பக்கம் தள்ளும் வெப்பம் இன்னொன்று. முதலாவது சுவரிலும் தரையிலும் விழுந்து தங்கும். இரண்டாவது கண்ணாடியை ஒட்டிய காற்றுக்கு உடனே போய்விடும். நிறக் கண்ணாடியில் இந்த இரண்டாவது பங்கு பெரியது. எண் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு கண்ணாடிகளில் அறையின் மாலைப்பொழுது வேறுவேறாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் எங்கே விழுகிறது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

'சோலார் டிஸ்ட்ரிபியூஷன்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. 'ஃபுல் எக்ஸ்டீரியர்' என்று வைத்தால், வெளி நிழல்களை எல்லாம் சரியாகக் கணக்கிடும். ஆனால் ஜன்னல் வழியாக வரும் நேர்க்கதிர் முழுவதும் தரையில்தான் விழுகிறது என்று எடுத்துக்கொள்ளும். தரை உறிஞ்சியது போக மீதி, சிதறிய ஒளியாக எல்லாப் பரப்புகளுக்கும் பகிரப்படும். 'ஃபுல் இன்டீரியர் அண்ட் எக்ஸ்டீரியர்' என்று வைத்தால், கதிர் எந்தச் சுவரில், எந்தத் தரையில் விழுகிறது என்று நேரத்துக்கு நேரம் வரைந்து பார்க்கும்.

உச்சி வெயில் நேரத்தில் முதல் தேர்வு பெரிதாகக் கெடுக்காது. நம் மேற்கு ஜன்னலில் கெடுத்துவிடும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கிறது. அன்றே மாலை ஐந்து மணிக்கு அது அடிவானத்திலிருந்து 19 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட ஜன்னலுக்கு நேர் எதிரில் இருக்கும். ஜன்னலின் அடிவிளிம்பை ஒட்டி வரும் கதிர் 2.6 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். மேல்விளிம்பை ஒட்டி வருவது தரையைத் தொட 6 மீட்டருக்கு மேல் வேண்டும். அறையின் நீளமோ 3.6 மீட்டர். கணக்கிட்டால், உள்ளே வரும் நேர்க்கதிரில் ஏறக்குறைய முக்கால் பங்கு எதிரே இருக்கும் கிழக்குத் தடுப்புச் சுவரில் விழுகிறது. தரையில் விழுவது கால் பங்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கிழக்குச் சுவரை இன்டர்னல் மாஸாக எழுதிக் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? அதற்கு அறையில் இடமே கிடையாது. இடமில்லாத பரப்பின் மேல் நேர்க்கதிர் விழ முடியாது. சிதறிய ஒளியில் மட்டும் அதற்குப் பங்கு கிடைக்கும். நிஜத்தில் மாலை முழுவதும் வெயில் குடிக்கும் சுவர், மாடலில் நிழலில் நிற்கும்.

ஆக, நான் கடைப்பிடிக்கும் விதி இது. நேர்வெயில் படும் எந்த உள்சுவரையும், தரையையும் அதனதன் இடத்தில் வரைந்தே ஆகவேண்டும். வெயில் படாத தடுப்புகள், அலமாரி, பரண் இவற்றை இன்டர்னல் மாஸாகக் கொடுக்கலாம். எந்தச் சுவரில் படுகிறது என்று தெரியவில்லையா? அந்த அறைக்கு ஒரு நாள் மாலை நேரில் போய்ப் பாருங்கள்.

இரண்டாவது தேர்வுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சோன் முழுவதும் மூடியிருக்க வேண்டும், சுவரில் இடைவெளி கூடாது. வடிவம் குவிந்ததாக இருக்க வேண்டும். அதாவது அறைக்குள் எந்த இரண்டு புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தாலும் கோடு சுவரைத் தாண்டி வெளியே போகக் கூடாது. எல் வடிவ ஹால் இதற்கு ஒத்துவராது, அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எர்ரர் கோப்பில் இதைப் பற்றி எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

தரையின் நிறமும் முக்கியம். பொருளுக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், சூரிய ஒளியில் 0.7 பங்கை உறிஞ்சும் என்று எஞ்சின் வைத்துக்கொள்ளும். பழைய சிவப்பு ஆக்சைடு தரைக்கு அது பொருந்தலாம். பளபளக்கும் வெள்ளை டைல்ஸுக்குப் பொருந்தாது. வெள்ளைத் தரை ஒளியைச் சுவர்களுக்கும் மேல்தளத்துக்கும் தள்ளிவிடும், கொஞ்சம் ஜன்னல் வழியாகத் திரும்பிப் போகவும் செய்யும். நிழல் கணக்கு வழக்கமாக 20 நாளுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். ஒரு குறிப்பிட்ட நாளை அளவீட்டோடு ஒப்பிடுகிறீர்கள் என்றால் அதைக் குறைத்துவிடுங்கள்.

திரையும் சன்ஷேடும்

60 செ.மீ. சன்ஷேட் போட்டிருக்கிறோமே, அது போதாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். ஐந்து மணிச் சூரியனுக்கு அது தரும் நிழல் 20 செ.மீ. உயரம்தான். டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேட் நன்றாக உதவும், நண்பகலில் அப்போது சூரியன் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ, நெட்டுக்குத்தான மறைப்போதான் வழி.

உள்ளே தொங்கும் துணித் திரையை மாடலில் மறக்காமல் கொடுங்கள். அது வெயிலைத் தடுக்கிறது என்று நினைக்கிறோம். கண்ணாடிக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட ஒளியைத்தான் அது பிடிக்கிறது. கொஞ்சத்தை வெளியே திருப்பி அனுப்புகிறது. மீதியில் தானே சூடாகி, சட்டென்று காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. துணிக்கு எடை இல்லையே! அதனால் திரை போட்ட அறையில் சுவர் குறைவாகச் சூடாகும், காற்று சீக்கிரம் சூடாகும். திரை மூடியபடி ஒன்று, திறந்தபடி ஒன்று என இரண்டு ஓட்டம் ஓட்டி, உச்ச நேரம் எப்படி முன்னே வருகிறது என்று பாருங்கள்.

இரவுக் காற்று

சுவரில் சேர்ந்த வெப்பத்தை எடுத்துப்போக ஏதாவது வேண்டும். ஜன்னலை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு அட்டவணையில் கொடுங்கள். கொசுவுக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கே மூடும் வீட்டில், ராத்திரி முழுவதும் ஜன்னல் திறந்திருப்பதாக எழுதினால் மாடல் இல்லாத ஒரு குளிர்ச்சியைக் காட்டும்.

நேரப்படியும் முன்னோட்டமும்

ஒரு மணி நேரத்தை 6 படிகளாகப் பிரித்துக் கணக்கிடும் வழக்கமான அளவு செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் போதும். உருகி உறையும் மெழுகு வகைப் பொருள்களைச் சேர்த்தால் மட்டும் அடுக்கைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் 'ஃபைனைட் டிஃபரன்ஸ்' முறைக்கு மாறி, மணிக்குக் குறைந்தது 20 படிகள் வைக்க வேண்டும். கனமான கட்டடத்தில் முதல் நாளின் சுவர் வெப்பநிலை நிலைபெற, எஞ்சின் அதே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும். அதற்கு உச்சவரம்பு 25 நாள். அதற்குள் நிலைபெறவில்லை என்று எர்ரர் கோப்பு சொன்னால் வரம்பை ஏற்றுங்கள்.

ஓட்டிய பிறகு

முதல் ஓட்டம் ஏசி இல்லாமல் இருக்கட்டும். ஏசி ஓடும் மாடலில் காற்றின் வெப்பநிலை எப்போதும் 24 என்றே இருக்கும், பிழைகளெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

வெளியீட்டில் இவற்றைக் கேளுங்கள்: அறைக் காற்றின் சராசரி வெப்பநிலை, ஆப்பரேட்டிவ் வெப்பநிலை (காற்றின் சூட்டையும் சுற்றியுள்ள பரப்புகளின் அனலையும் சேர்த்துச் சொல்வது), ஒவ்வொரு சுவரின் உள்முக வெப்பநிலை, ஜன்னல்கள் வழியே வந்த மொத்தச் சூரிய ஒளி, ஒவ்வொரு உள்முகமும் உறிஞ்சிய சூரிய வெப்பம், பரப்புகளில் சேமிப்பாகும் வெப்பம். ஒரு தெளிவான ஏப்ரல் நாளுக்கு இவற்றை ஒரே வரைபடத்தில் வையுங்கள்.

ஐந்து மணிக்குக் கிழக்குச் சுவர் உறிஞ்சும் வெப்பம் தரையைவிட அதிகமாக இருக்கிறதா? இல்லையென்றால் வெயில் தவறான இடத்தில் விழுகிறது. சேமிப்பு மாலையில் நேர்க்குறியிலும், இரவில் எதிர்க்குறியிலும் இருக்கிறதா? எப்போதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தால் எங்கோ ஒரு அடுக்கு எடையில்லாமல் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஆப்பரேட்டிவ் வெப்பநிலை காற்றைவிட மேலே இருக்கிறதா? சுவரின் அனல் மாடலுக்குள் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்புறம் ஏசியைப் போடுங்கள், ஆனால் நாள் முழுவதும் வேண்டாம். நம் வீடுகளில் போடுவது போல ராத்திரி ஒன்பதரைக்குத் தொடங்கி ஆறு மணி வரை. இதை மூன்று விதமாக ஓட்டுங்கள்: தடுப்புச் சுவரே இல்லாமல், சுவர் இன்டர்னல் மாஸாக, சுவர் தன் இடத்தில் வரையப்பட்டு. மூன்றிலும் முதல் ஒரு மணி நேரத்துக் குளிரூட்டும் சுமையை ஒப்பிடுங்கள். ஜன்னலில் வெயில் வந்து மணிக்கணக்காகிறது. ஆனால் அந்த வெயிலுக்கான மின்கட்டணத்தை வீட்டுக்காரர் இந்த நேரத்தில்தான் கட்டுகிறார்.

குடியிருப்புகளுக்காக 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற இந்திய எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பில், வெளிச்சுவர் வழியே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வரம்பு இருக்கிறது. யு மதிப்பு, கண்ணாடியின் எண், பரப்பு, திசை எல்லாம் அந்தச் சூத்திரத்தில் உண்டு. சுவரின் நிறைக்கு அதில் இடமில்லை, நேரத்துக்கும் இடமில்லை. வரம்புக்குள் வந்துவிட்ட ஃப்ளாட்டிலும் மேற்கு அறை ராத்திரி அடங்காமல் இருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கு நான் தரும் அறிக்கையில் இரண்டு ஓட்டங்களை அடுத்தடுத்து வைப்பேன்: ஜன்னல் இப்போது இருக்கும் நிலையில் ஒன்று, வெளியே மூங்கில் தட்டி மூன்று மணியிலிருந்து இறக்கப்பட்டிருக்கும் நிலையில் ஒன்று. இரண்டிலும் கிழக்குச் சுவரின் பத்து மணி வெப்பநிலையைப் பெரிய எழுத்தில் போடுவேன்.